20 ஆண்டுத் திட்டத்துக்கு நான்கு கதைகள் எதற்கு?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025, காலை 10.12

அரசுத் துறை ஒன்றின் திட்டப் பிரிவில் இருக்கிறேன். 20 ஆண்டுத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வந்திருக்கும் ஆலோசகர் சினாரியோ பிளானிங் செய்தே ஆக வேண்டும் என்கிறார். எதிர்காலம் இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று நான்கு கதை எழுத வேண்டுமாம். எங்களிடம் 30 ஆண்டுப் புள்ளிவிவரம் இருக்கிறது, கணிப்பு போடத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். நான்கு கதையோடு போய் நின்றால் மேலிடம் "இதில் எது நடக்கும்?" என்று கேட்கும். "தெரியாது" என்று சொல்லவா சம்பளம்? ஆலோசகர்கள் பிழைக்கக் கண்டுபிடித்த வழி இது என்பது என் எண்ணம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 9.40

இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை முழுத் தோல்வி, இரண்டாவது முறை பாதித் தோல்வி. அதனால் பேசலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் 30 ஆண்டுப் புள்ளிவிவரத்திலிருந்து தொடங்குவோம். நான் இருந்தது குடிநீர் வழங்கும் துறை. எங்களிடமும் அந்தக் கோடு இருந்தது. மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டரால் பெருக்கினால் தேவை. கோடு எப்போதும் மேலேதான் போகும். ஒருநாள் பழைய திட்ட அறிக்கைகளை எடுத்து அத்தனை கோடுகளையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அறிக்கையிலும் கோடு அந்த வருட உண்மை அளவில் தொடங்கி, அதே சரிவில் மேலே ஏறுகிறது. உண்மை அளவோ கீழே தன்பாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு விரித்த விசிறி மாதிரி இருந்தது. ஒவ்வொரு முறையும் தவறியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் அதே பக்கமாகத் தவறியிருக்கிறோம், யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் துறைக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது. அமெரிக்காவின் மொத்த நீர் எடுப்பு 2005-ஐ விட 2010-ல் 13 சதவீதம் குறைவு. மக்கள்தொகை அந்த ஐந்து ஆண்டுகளிலும் கூடித்தான் இருந்தது. அனல்மின் நிலையங்களின் குளிரூட்டும் முறை மாறியது, பாசனம் மாறியது, வீட்டுக் கழிப்பறைத் தொட்டியின் அளவுகூட மாறியது. கோடு இழுத்தவர்களின் கணக்கில் கழிப்பறைத் தொட்டிக்கு இடம் இருந்திருக்காது.

எது நடக்கும் என்று சொல்வதற்காக யாரும் சினாரியோ எழுதுவதில்லை. உங்கள் திட்டம் எந்த எதிர்காலத்தில் உடைகிறது என்று பார்க்கத்தான் எழுதுகிறார்கள். மேலிடம் "எது நடக்கும்" என்று கேட்டால், "எது நடந்தாலும் இந்த மூன்று செலவு சரி, இந்த ஒரு செலவு மட்டும் சந்தேகம்" என்று பதில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் உங்கள் எண்ணம் சரி, ஆலோசகர் பிழைக்கிறார்.

12 ஜனவரி, காலை 7.05

'சினாரியோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சினிமாவிலிருந்துதான். 1950-களில் அமெரிக்காவின் ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஹெர்மன் கான் அணு ஆயுதப் போரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவுக்குத் திரைக்கதை எழுத்தாளர் லியோ ராஸ்டன் எடுத்துக் கொடுத்த சொல் என்பார்கள். ஹாலிவுட்டில் அதற்குள் வழக்கொழிந்த பழைய சொல். சினிமா கழித்துப் போட்டதைப் போர்த்திட்டக்காரர்கள் பொறுக்கிக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து எண்ணெய்க் கம்பெனிக்குப் போனது, அப்புறம் நம் கோப்புகளுக்கு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் இதை 'திரைக்கதை' என்றே சொல்வோம். "சார், திரைக்கதை கமிட்டி மூன்று மணிக்கு" என்று கடைநிலை உதவியாளர் வந்து சொல்வார். கதாநாயகன் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

12 ஜனவரி, இரவு 10.30

முதல் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆலோசகரும் இதையேதான் செய்வார் என்று பயமாக இருக்கிறது.

இரண்டு நாள் பயிலரங்கு. பெரிய அரங்கு, சுவர் முழுக்க ஒட்டும் வண்ணத் தாள். ஆளுக்கு நாலு தாளில் எதிர்காலத்தை மாற்றக்கூடிய விஷயங்களை எழுத வேண்டும். அவற்றைக் குவித்து, "முக்கியமானது, ஆனால் நிச்சயமற்றது" என்று இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இரண்டும் இரண்டு அச்சுகள். குறுக்கும் நெடுக்கும் போட்டால் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு கதை.

எங்கள் அச்சுகள்: பொருளாதாரம் நன்றாக இருக்கும் அல்லது இருக்காது, மழை நன்றாக இருக்கும் அல்லது இருக்காது. முடிந்தது கதை! ஒரு மூலையில் எல்லாம் நல்லது, எதிர் மூலையில் எல்லாம் கெட்டது, நடுவில் இரண்டு அரைகுறை. நல்ல மூலையைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள், அது ஏற்கெனவே இருந்த திட்டம்தான். கெட்ட மூலைக்கு "கூடுதல் நிதி கோரப்படும்" என்று ஒரு வரி. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டிவிட்டு, ஊர் சுற்றி வந்ததாக 140 பக்க அறிக்கை.

இப்போது யோசித்தால் தவறு எங்கே என்று தெரிகிறது. இரண்டு அச்சும் துறைக்கு வெளியே இருந்தன. மழையும் பொருளாதாரமும் எங்கள் கையில் இல்லை, எனவே யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. துறைக்குள்ளே நாங்கள் சந்தேகமே இல்லாமல் நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத் தொடுகிற அச்சு ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். "தேவை கூடிக்கொண்டே போகும்" என்பதுதான் அந்த ஒன்று. அதை எழுதிய தாளும் சுவரில் இருந்தது, "தேவை குறைந்தால்?" என்று. எழுதியது யார் என்று தெரியாது. ஆலோசகர் அதை எடுத்து "இது நடக்கிற காரியமா?" என்று சிரித்துவிட்டு ஓரமாக ஒட்டினார். நானும் சிரித்தேன்.

13 ஜனவரி, மதியம் 1.20

"ஷெல் கம்பெனி 1973 எண்ணெய் நெருக்கடியை முன்கூட்டியே சொன்னது, அதுவே இந்த முறைக்குச் சான்று" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லா ஆலோசகரின் மூன்றாவது ஸ்லைடும் இதுதான். கதை அத்தனை நேர்த்தியானது இல்லை. ஷெல்லில் அந்த வேலையைச் செய்த பியேர் வாக் பிறகு 1985-ல் எழுதிய கட்டுரையில் தன் முதல் சுற்று சினாரியோக்கள் பயன்படவில்லை என்றே ஒப்புக்கொள்கிறார். தெரிந்த நிச்சயமின்மைகளையே வேறு வேறாகக் கூட்டிக் கழித்துக் காட்டியது அது, யாரும் அதை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் நான்கு கட்டம் மாதிரி.

அவர் அப்புறம் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. எது நிச்சயமில்லை என்பதை விட்டுவிட்டு, எது ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்று தேடினார். அதற்கு அவர் சொல்லும் உதாரணம் நம் கங்கை. மேலே இமயமலையில் கொட்டித் தீர்த்துவிட்டது என்றால், இரண்டு நாளில் ரிஷிகேசத்தில் வெள்ளம், அடுத்த சில நாளில் அலகாபாத், அப்புறம் காசி. காசிக்காரருக்கு இன்னும் வானம் வெளுத்திருக்கும். ஆனால் மழை பெய்து முடிந்தாயிற்று. இதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை, மேலே பெய்ததைப் பார்த்தால் போதும். எண்ணெய் விற்கும் நாடுகள் விலையை உயர்த்தாமல் இருக்கக் காரணமே இல்லை என்பதை அவர் அப்படித்தான் பார்த்தார். அப்படியும் அந்த நிறுவனத்தின் மேலாளர்களில் பெரும்பகுதி பேர் உடனே மாறிவிடவில்லை என்பதும் அவரே எழுதியதுதான்.

உங்கள் துறையில் "மேலே பெய்து முடிந்த மழை" எது? 15 ஆண்டு கழித்துப் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கப்போகும் குழந்தைகள் இன்று பிறந்தாயிற்று. 20 ஆண்டு கழித்து ஓய்வூதியம் வாங்கப்போகிறவர்கள் இன்று உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். இன்று புதைத்த குழாய்க்கு 20 வயது ஆகியிருக்கும். இவற்றைக் கதைக்குள் கொண்டுவந்து "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று எழுதாதீர்கள்.

13 ஜனவரி, மதியம் 1.45

ரிஷிகேசம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் சாப்பாடு ஆறிவிட்டது. மீதி இரவு.

14 ஜனவரி, இரவு 11.15

இரண்டாவது முறை. ஆறு ஆண்டு கழித்து. ஆலோசகர் இல்லை, அரங்கு இல்லை. ஏழு பேர், நான்கு மதியங்கள், கோப்பு அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை.

இந்த முறை எதிர்காலத்திலிருந்து தொடங்கவில்லை, ஒரு முடிவிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும், அளவு தீர்மானமாகிவிட்டது, கடனுக்குப் பேச்சு நடக்கிறது. "எது நடந்தால் இதைக் கட்டியது முட்டாள்தனம் ஆகும்?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினோம்.

முதல் மதியம் பொறியாளர்கள் பேசினார்கள். ஆறு வற்றினால், மின்கட்டணம் இரண்டு மடங்கானால், அப்படி. இரண்டாம் மதியம் வருவாய்ப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருவர், முதல்நாள் வாயே திறக்காதவர், "சார், நீங்கள் அனுப்புகிற தண்ணீர்தான் வருடா வருடம் கூடுகிறது. நாங்கள் பில் போடுகிற தண்ணீர் மூன்று வருடமாகக் குறைகிறது" என்றார்.

அறையில் சத்தமே இல்லை. தலைமைப் பொறியாளர் "மீட்டர் கோளாறு" என்றார். அந்த அம்மாள் விடவில்லை, பதிவேட்டை எடுத்து வந்தார். நாங்கள் 'தேவை' என்று 20 ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்த கோடு, நிலையத்திலிருந்து வெளியே தள்ளிய தண்ணீரின் கோடு. அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகிறது, ஒரு பகுதி மண்ணுக்குப் போகிறது. கசிவு கூடக்கூட எங்கள் 'தேவை' கூடியிருக்கிறது! மூன்றாவது நிலையத்தைக் கட்டினால் மண்ணுக்கும் சேர்த்துக் கட்டுவோம்.

அன்று முதல்முறையாக "தேவை குறைந்தால்" என்ற கதையை எழுத உட்கார்ந்தோம். யாரும் சிரிக்கவில்லை. எழுதியபோதுதான் தெரிந்தது, கடனைத் திருப்பிக் கட்டும் கணக்கு முழுக்க விற்பனை கூடுவதை நம்பி இருக்கிறது. தண்ணீர் மிச்சமாவது ஊருக்கு நல்லது, துறைக்குத் திவால். இதை எழுத்தில் வைக்க நிதிப் பிரிவுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். பெயர் சொல்லாமல் 'கதை மூன்று' என்று மட்டும் போட்டோம்.

முடிவு: நிலம் முழுசாக வாங்குவது, பெரிய குழாய் முழு அளவில் போடுவது, நிலையத்தில் பாதி மட்டும் இப்போது கட்டுவது. மிச்சப் பணத்தில் கசிவை அடைப்பது. இது நான்கு கதையிலும் உடையாத முடிவு. 140 பக்கம் இல்லை, ஒன்பது பக்கம்.

15 ஜனவரி, காலை 6.50

திருத்தம். பழைய டைரி கிடைத்தது. அந்த அம்மாள் சொன்னது மூன்று வருடம் இல்லை, இரண்டு வருடம். அப்புறம், தலைமைப் பொறியாளரை நேற்று கொஞ்சம் வில்லனாக்கிவிட்டேன். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. பழைய மீட்டர் தேயத்தேய மெதுவாகத்தான் ஓடும், குறைத்தே காட்டும். மீட்டர்களை மாற்றிய பிறகு குறைவில் ஒரு பங்கு காணாமல் போனது. மீதிக் குறைவு இருந்தது. கதை மூன்று செத்துவிடவில்லை, மெலிந்தது.

16 ஜனவரி, இரவு 9.10

பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். 'கதை மூன்று' என்பதற்குப் பதில் நல்ல பெயர் வைத்திருந்தால் மேலிடம் படித்திருக்குமே என்று.

படித்திருக்கும். அதில்தான் வில்லங்கமும். தென்னாப்பிரிக்காவில் 1991-92-ல், ஸ்டெல்லன்போஷ் பக்கம் மான்ட் ஃப்ளூர் என்ற இடத்தில், 22 பேர் கூடி நாட்டின் எதிர்காலத்துக்கு நான்கு கதை எழுதினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்துகொண்டிருந்த நேரம். எதிரெதிர் அணிக்காரர்கள், தொழிற்சங்கம், வணிகம், கல்வியாளர்கள் எல்லோரும் ஒரே மேஜையில். ஷெல்லிலிருந்து போன ஆடம் கஹானே நடத்திக் கொடுத்தார். பேச்சுவார்த்தையை மறுத்து மண்ணில் தலையைப் புதைத்துக்கொள்ளும் அரசுக்குத் தீக்கோழி என்று பெயர். மாற்றம் இழுத்துக்கொண்டே போய் அரசு எதையும் உறுதியாகச் செய்ய முடியாத நிலைக்கு நொண்டி வாத்து. மக்களுக்கு வாரி இறைத்து, உயரப் பறந்து, சிறகு உருகி விழும் அரசுக்கு, அப்படி விழுந்த கிரேக்கக் கதைப் பையன் இகாரஸின் பெயர். எல்லோரும் சேர்ந்து மெதுவாக மேலெழுவதற்குப் பூநாரை. செய்தித்தாளில் இணைப்பாகவே போட்டு நாடெங்கும் பேசினார்கள். அந்த மேஜையில் இருந்த டிரெவர் மானுவல் 1996-ல் நிதி அமைச்சரானார். அவருடைய சிக்கனக் கொள்கைக்கும் இகாரஸ் கதைக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு.

பறவைகளைப் பாருங்கள். பூநாரைக்குப் பக்கத்தில் தீக்கோழியை நிறுத்திவிட்டு "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்றால் யார் தீக்கோழியைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஏழைகளுக்கு வேகமாகச் செலவிட வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு, தங்கள் கொள்கை விழுந்து சாகிற பையனின் பெயரில் வந்ததே என்று வருத்தம் இருந்திருக்காதா? நான்கு கதையும் சமம் என்று சொல்லிக்கொண்டே ஒன்றை விற்கலாம். நாட்டைப் பேச வைத்தது பெரிய காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் அரசுத் துறை இதைச் செய்யும்போது பெயர் வைக்கிற கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 1997-ல் அவர்கள் எழுதிய தேசிய சினாரியோக்களில் ஒன்று 'ஹோட்டல் சிங்கப்பூர்', இன்னொன்று 'பிளவுபட்ட வீடு'. குடிமக்கள் நாட்டை ஹோட்டல் அறை மாதிரி பாவித்தால், வசதி குறைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும்? இரண்டு பெயரும் குத்துகின்றன. எதுவும் பூநாரை இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

17 ஜனவரி, மாலை 6.30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "கெட்ட கதையை எழுதவே விடமாட்டார்கள், வெளியே கசிந்தால் துறையே ஒப்புக்கொண்டது என்று தலைப்புச் செய்தி வரும்" என்கிறார்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கம்பெனிக்கும் அரசுத் துறைக்கும் இருக்கிற முக்கியமான வித்தியாசமே இதுதான். கம்பெனி தன் கெட்ட கதையைப் பூட்டி வைக்கலாம், சந்தையை விட்டே போகலாம். துறை ஊரை விட்டுப் போக முடியாது. எழுதியது எல்லாம் ஒருநாள் யாரோ படிப்பார்கள். பூட்டி வைத்தால் "மறைத்தார்கள்", வெளியிட்டால் "கைவிட்டார்கள்".

பின்லாந்தில் இதைக் கொஞ்சம் தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே நாடாளுமன்றத்திலேயே எதிர்காலக் குழு ஒன்று இருக்கிறது, 1993-ல் தொடங்கியது, 2000-ல் நிரந்தரமானது. ஆட்சிக்கு வருகிற ஒவ்வொரு அரசும் தன் காலத்தில் ஒரு எதிர்கால அறிக்கை தர வேண்டும். எல்லோருடைய கெட்ட கதையும் ஒரே மேஜைக்கு வருகிறது, எதிர்க்கட்சியும் அதே மேஜையில். எழுதுவது வழக்கமாகிவிட்டால் செய்தியாவது குறையும் என்று தோன்றுகிறது.

உங்களுக்கு அந்த வசதி இல்லை என்றால், ஒன்பது பக்கம். கையால் எழுதிய ஒன்பது பக்கம்.

18 ஜனவரி, இரவு 10.50

இரண்டாவது முறையைப் 'பாதித் தோல்வி' என்று சொல்லியிருந்தேன், ஏன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பாதி நிலையம் கட்டினோம் இல்லையா, மீதிப் பாதியை எப்போது கட்டுவது? அதற்கு ஒரு தாள் தயாரித்தோம். ஐந்து அறிகுறிகள்: விற்ற தண்ணீர், கசிவு, புது இணைப்பு விண்ணப்பம், கோடைத் தொடக்கத்தில் நீர்த்தேக்க மட்டம், மின்கட்டணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை. விற்ற தண்ணீர் தொடர்ந்து இரண்டு ஆண்டு அந்த எல்லைக்கு மேல் போனால் இரண்டாம் பாதிக்கு வேலை தொடங்க வேண்டும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வி வரக்கூடாது என்று, ஒவ்வொரு அறிகுறிக்கும் எதிரே அதைப் பார்க்க வேண்டியவர் பெயரையும் போட்டோம்.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. போன பிறகு ஒருவரும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. ஊர் வளர்ந்தது, விற்பனை எல்லையைத் தாண்டியது, தாண்டி மூன்று வருடம் கழித்து ஒரு கோடைப் பஞ்சத்தில்தான் எல்லோரும் விழித்தார்கள். அவசர டெண்டர், அவசர விலை. "அன்றைக்கே முழுசாகக் கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும், திரைக்கதைக்காரர்கள் கெடுத்தார்கள்" என்று பேச்சு. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தாள் தவறில்லை என்பதற்கு லண்டனைச் சொல்வேன். தேம்ஸ் முகத்துவாரத்துக்கு 2100 வரை ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டம் 2012-ல் ஒப்புதலானது. கடல் எவ்வளவு உயரும் என்று ஒரே எண்ணைச் சொல்லவில்லை. உச்சக் கணக்காக 2.7 மீட்டர் வரை வைத்துக்கொண்டு, எந்த அளவுக்கு எந்த வழி, எந்தப் புள்ளியில் வழி மாற வேண்டும் என்று வரைந்தார்கள். அறிகுறிகளை அளந்துகொண்டே வந்தார்கள். 2023-ல் திருத்தியபோது, ஆற்றின் மேல்பகுதிக் கரைகளை 2065-க்குள் உயர்த்தினால் போதும் என்றிருந்ததை 2050 என்று 15 ஆண்டு முன்னே இழுத்தார்கள். புதுத் தடுப்பணையா, பழையதைப் பலப்படுத்துவதா என்பதை 2040-க்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதே தாள்தான். அங்கே யாரோ பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நெதர்லாந்தில் பார்க்கிற வேலைக்கே சட்டம் போட்டுவிட்டார்கள். வெள்ளத் தடுப்பையும் நன்னீரையும் கவனிக்க டெல்டா ஆணையர் என்று ஒருவர், ஆண்டுதோறும் செப்டம்பரில் பட்ஜெட்டோடு அவருடைய அறிக்கை, ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் தனி நிதி, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முழு மறுபார்வை. ஆள் மாறலாம், நாற்காலி மாறாது.

19 ஜனவரி, காலை 8.00

"பேரிடர் ஒத்திகையும் இதுவும் ஒன்றுதானே?" இல்லை. ஒத்திகை ஒரே கதையை ஆழமாக எடுக்கிறது. பலனும் உண்டு, கண்ணைக் கட்டிவிடவும் செய்யும். பிரிட்டன் பல ஆண்டுகளாகப் பெருந்தொற்றை முதல் வரிசை அபாயமாகவே வைத்திருந்தது. ஆனால் மனத்தில் இருந்தது இன்ஃப்ளூயன்சா. 2016-ல் ஒத்திகைகூடப் பார்த்தார்கள், அதுவும் ஃப்ளூவுக்கு. வந்தது கொரோனா. தவறான பெருந்தொற்றுக்குத் தயாரானார்கள் என்று 2024 ஜூலையில் விசாரணைக் குழு எழுதியது.

சரியான கதையை எழுதினாலும் போதாது. 2004 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸுக்கு 'பாம்' என்ற கற்பனைப் புயலை வைத்து ஐந்து நாள் ஒத்திகை. கரை தாண்டி நகரம் மூழ்குவதாகக் கதை. திட்டத்தை முழுசாக எழுதி முடிக்குமுன் 2005 ஆகஸ்டில் கத்ரீனா வந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, பாதி ஏடு.

20 ஜனவரி, இரவு 9.55

என்னையே மறுத்து ஒரு குறிப்பு. பாதி பாதியாகக் கட்டுவதுதான் எப்போதும் புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது போல் படுகிறது, மேலே படித்துப் பார்த்தேன்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு நகரங்கள். மெல்போர்ன் நீண்ட வறட்சியின் உச்சத்தில் ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 2012-ல் முடிந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. முதல் தண்ணீர் 2017-ல்தான் ஊருக்கு வந்தது, அதுவரை தண்ணீர் வாங்காமலே பணம் கட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பெர்த்தில் 1970-களின் நடுவிலேயே மழை குறைந்தது, திரும்பி வரவில்லை. அங்கே 2006-ல் நிலையம் வந்தது, உடனே தேவைப்பட்டது, மேலும் கட்டினார்கள். பெர்த்தில் மேலே பெய்யாமல் போன மழை ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. மெல்போர்னில் அது நிச்சயமில்லை. ஒரே இயந்திரம், ஒரே நாடு.

மெல்போர்னைப் பார்த்து முன்பு நானும் சிரித்தேன். இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. பிறகு வறண்ட ஆண்டுகளில் அந்தத் தண்ணீரை வாங்கத்தான் செய்தார்கள். காப்பீடு கட்டியவன் வீடு எரியவில்லையே என்று அழுவதில்லை. ஆனால் எவ்வளவு பெரிய காப்பீடு, யார் பணம் என்பது வேறு கணக்கு, அதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

22 ஜனவரி, மாலை 5.15

கேள்வி கேட்டவருக்குச் சுருக்கமாக, ஏனென்றால் அவருடைய பயிலரங்கு வரும் வாரமாம்.

ஆலோசகரை அனுப்பிவிட வேண்டாம், அச்சை மட்டும் அவரிடம் விடாதீர்கள். இப்போது கையெழுத்துக்கு நிற்கும் ஒரு பெரிய செலவைக் கொண்டு போங்கள். பில் போடுகிறவர், புகார் வாங்குகிறவர், பழுது பார்க்கிறவர் மூவரையும் கூப்பிடுங்கள், பேசவில்லை என்றால் இரண்டாம் நாளும் கூப்பிடுங்கள். பழைய அறிக்கைகளின் கோடுகளை ஒரே தாளில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். யாராவது ஒரு தாளைப் பார்த்துச் சிரித்தால் அந்தத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை எழுத இலக்கியம் தேவையில்லை. அரைப் பக்கம் போதும்.

26 ஜனவரி, இரவு 11.40

18-ஆம் தேதிக் குறிப்புக்குத் திருத்தம். பெரிய திருத்தம்.

"அந்தத் தாளை இங்கே போட முடியுமா?" என்று கேட்டவருக்காகப் பரணில் தேடினேன். டைரிக்குள் மடித்து வைத்த நகல் கிடைத்தது. ஐந்து வரிசை, நான்கு கட்டம். கசிவுக்கு எதிரே பராமரிப்புப் பொறியாளர். புது இணைப்புக்கு எதிரே வருவாய்ப் பிரிவு அம்மாள். நீர்த்தேக்கம், மின்கட்டணம், அவற்றுக்கும் ஆள் இருக்கிறது.

விற்ற தண்ணீர், முதல் வரிசை. எதிரே என் பெயர். என் கையெழுத்து.

அதே டைரியில், 14 மாதம் கழித்து, மாற்றலாகிப் போகும்போது எழுதிய பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலின் நகலும் இருந்தது. மர அலமாரி 2, சாவியுடன். சுழல் நாற்காலி 1, பழுது. கால்குலேட்டர் 1. நிலுவைக் கோப்புகள் 31, எண் வாரியாக.

தாள் அதில் இல்லை.